அவுக்ஸ்ட்டும் கைசரவுக்ஸ்ட்டும் ஒரே ஊரா?

சுவிட்சர்லாந்தில் பாசல் நகருக்குக் கிழக்கே, ரைன் ஆற்றங்கரையில் ரோமானியர் காலத்து இடிபாடுகளைப் பார்க்கப் போகிறவர்கள் பலருக்கும் வரும் குழப்பம்தான் உங்களுக்கும் வந்திருக்கிறது. ஒரு பலகையில் அவுக்ஸ்ட் என்றும் இன்னொன்றில் கைசரவுக்ஸ்ட் என்றும் போட்டிருக்கிறதே, இரண்டும் ஒன்றா, வேறா, கைசரவுக்ஸ்ட்டில் தனியாகப் பார்க்க ஏதாவது உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். சுருக்கமாகச் சொன்னால், இன்றைக்கு அவை இரண்டு வெவ்வேறு மாநிலங்களைச் சேர்ந்த இரண்டு ஊராட்சிகள். ரோமானியர் காலத்தில் இரண்டும் சேர்ந்து அகஸ்டா ராவ்ரிகா என்ற ஒரே நகரம். பெரும்பாலானோர் அவுக்ஸ்ட்டில் இருக்கும் நாடக அரங்கைப் பார்த்துவிட்டு ரயிலேறிவிடுகிறார்கள். அந்த நகரத்தின் கதையில் பாதிதான் அங்கே இருக்கிறது. மறுபாதி ஆற்றங்கரையில் கைசரவுக்ஸ்ட்டில் இருக்கிறது, என் கணக்கில் அதுதான் சுவையான பாதி.

முதலில் பெயரைப் பார்த்துவிடலாம். 'கைசர்' என்ற ஜெர்மன் சொல் 'சீசர்' என்ற லத்தீன் பெயரிலிருந்து வந்தது என்பதால், ரோமானியப் பேரரசர் எவரோ இந்த ஊருக்குத் தம் பெயரைக் கொடுத்தார் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். 'அவுக்ஸ்ட்' என்ற பகுதி 'அகஸ்டா' என்பதன் தேய்ந்த வடிவம் என்பது உண்மை. ஆனால் முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் 'கைசர்' ரோமானியர் வைத்தது அன்று. 15ஆம் நூற்றாண்டில் எர்கோல்ட்ஸ் ஆற்றையும் வியோலன்பாக் என்ற சிற்றோடையையும் எல்லையாக வைத்து ஊர் பிரிந்தபோது, மேற்குப் பக்கம் பாசல் நகரத்தாரின் கைக்குப் போயிற்று; கிழக்குப் பக்கம் ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் அரச குடும்பத்திடமே இருந்தது. அந்தக் குடும்பத்தவர் பேரரசர் பட்டத்தைத் தாங்கியதால், அவர்களுக்குரிய அவுக்ஸ்ட் கைசரவுக்ஸ்ட் ஆயிற்று. நெப்போலியன் காலத்து ஏற்பாடுகளில் ஆஸ்திரியா இந்தப் பகுதியை இழந்தது. 1802இல் ஃப்ரிக்டால் என்ற பெயரில் அது தனி மாநிலமாகக் கொஞ்ச காலம் இருந்து, 1803இல் ஆர்காவ் மாநிலத்தோடு சேர்க்கப்பட்டது. அவுக்ஸ்ட் பாசல்-லாண்ட் மாநிலத்தில் இருக்கிறது. ஆகவே ஒரு பெரிய ரோமானிய நகரத்தின் நடுவே இன்று மாநில எல்லை ஓடுகிறது. அந்த எல்லையான வியோலன்பாக்கைப் பார்த்தால் இதற்காகவா இரண்டு நாடாகப் பிரிந்திருந்தார்கள் என்று கேட்கத் தோன்றும், அவ்வளவு சிறிய ஓடை.

நகரத்தின் தோற்றத்துக்கான மிக முக்கியமான சான்று சுவிட்சர்லாந்தில் இல்லை, இத்தாலியில் இருக்கிறது. ரோமுக்கும் நேப்பிள்ஸுக்கும் இடையே கடலோரத்தில் காயேத்தா என்ற ஊரில் ஒரு குன்றின் மேல் வட்ட வடிவக் கல்லறைக் கட்டடம் ஒன்று நிற்கிறது. அதில் அடங்கியவர் லூசியஸ் முனாசியஸ் பிளாங்கஸ், ஜூலியஸ் சீசரின் படைத்தளபதிகளில் ஒருவர். அவர் வகித்த பதவிகளையும் வென்ற போர்களையும் வரிசையாகச் சொல்லும் கல்வெட்டின் முடிவில், கால் நாட்டில் (Gaul, பெரும்பாலும் இன்றைய பிரான்ஸ்) லுக்டுனும், ராவ்ரிகா என்னும் இரு குடியேற்றங்களை நிறுவினார் என்று வருகிறது. லுக்டுனும் இன்றைய லியோன். ராவ்ரிகாதான் நம்முடைய ஊர். காலம் கி.மு. 44 அல்லது 43. சீசர் கொலையுண்டு ரோம் கொந்தளித்த ஆண்டுகள் அவை என்பதால், குடியேற்றம் அறிவிக்கப்பட்ட வேகத்தில் நகரம் எழவில்லை. அவுக்ஸ்ட் மண்ணில் கிடைக்கும் மிகப் பழைய கட்டுமானத் தடயங்கள் அதற்குப் பல பத்தாண்டுகள் பிந்தியவை. அகஸ்டஸ் ஆட்சியில்தான் ஊர் உண்மையில் உருவானது. அகஸ்டஸ் என்ற பட்டத்தை கி.மு. 27இல் ரோம் செனட்டில் முன்மொழிந்தவரும் இதே பிளாங்கஸ்தான். தாம் தொடங்கிவைத்த ஊருக்கு, தாம் முன்மொழிந்த பட்டமே பிற்பாடு பெயரின் ஒரு பகுதியாக அமையும் என்று அவர் எண்ணியிருக்க மாட்டார். பாசல் நகரசபைக் கட்டடத்தின் முற்றத்தில் அவருக்கு 1580இல் வைத்த வண்ணச் சிலை இருக்கிறது. போகிறபோது பார்த்துவிட்டுப் போங்கள்.

இடத்தேர்வுக்குக் காரணம் ஆறும் சாலைகளும். கால் நாட்டிலிருந்து கிழக்கே வின்டோனிசா படைமுகாமுக்குச் செல்லும் வழியும், ஆல்ப்ஸ் கணவாயைத் தாண்டி ஜூரா மலைத்தொடர் வழியே வடக்கே வரும் வழியும் இங்கே ரைனைத் தொட்டன. நல்ல நாளில், அதாவது 2ஆம் நூற்றாண்டில், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் இங்கே வாழ்ந்தார்கள். மேட்டில் மன்றமும் கோயில்களும் குளிப்பகங்களும் இருந்தன. கீழே ஆற்றையொட்டி, இன்றைய கைசரவுக்ஸ்ட் நிலத்தில், வணிகர்களும் கைவினைஞர்களும் இருந்த கீழ்நகரம். மேட்டுநகருக்குத் தண்ணீர் 6.5 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, லவுசன் என்ற ஊர்ப் பக்கமிருந்து, நிலத்தடிக் கால்வாயில் வந்தது. ஆள் நிமிர்ந்து நடக்கக்கூடிய உயரமுள்ள அந்தக் கால்வாயின் ஒரு துண்டு லீஸ்டால் நகரருகே இன்னும் திறந்து கிடக்கிறது. அதை ஊரார் 'புறச்சமயத்தார் பொந்து' என்ற பொருள்பட ஹைடன்லோக் என்கிறார்கள். இந்த 'ஹைடன்' என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வரும்.

நாடக அரங்கைப் பற்றி எல்லா வழிகாட்டி நூல்களும் சொல்லும், நான் நீட்டவில்லை. ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கே இவ்வளவு நன்றாக எஞ்சிய ரோமானிய அரங்கு வேறு இல்லை என்பார்கள்; ஏறத்தாழ 8,000 முதல் 10,000 பேர் வரை உட்காரலாம். கவனிக்கவேண்டியது என்னவென்றால், ஒரே இடத்தில் முதலில் நாடக அரங்கு, பின்பு அதை இடித்து விலங்குச் சண்டைக்கும் வாட்போருக்குமான களம், பின்பு மறுபடியும் நாடக அரங்கு என்று மூன்று முறை கட்டியிருக்கிறார்கள். நிதானமாகப் பார்த்தால் வளைந்த சுவர்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போவது தெரியும்.

இந்த நகரம் 3ஆம் நூற்றாண்டின் நடுவில் சரியத் தொடங்கியது. நிலநடுக்கம் ஒன்று வந்திருக்கலாம் என்பது பல காலமாக விவாதத்தில் உள்ள கருத்து. சண்டைகளும் அலமானியர் என்ற ஜெர்மானிய இனத்தாரின் படையெடுப்புகளும் நடந்ததில் ஐயமில்லை. அந்தக் காலத்தின் நெருக்கடியை ஒரே இடத்தில் காட்டுவது, 1990களின் பிற்பகுதியில் கண்டெடுக்கப்பட்ட நிலத்தடிக் கிணற்றறை. படியிறங்கிப் போகும் அந்த அறை கைவிடப்பட்டபின் குப்பைக்கிடங்காகிவிட்டது. அகழ்ந்தபோது அதற்குள் மனிதர்களின் எலும்புக்கூடுகளும் குதிரை, நாய் எலும்புகளும் கிடந்தன. கூடவே, கள்ளக்காசு வார்க்கப் பயன்பட்ட களிமண் அச்சுகள் குவியல் குவியலாகக் கிடந்தன. அரசு அடிக்கும் காசிலேயே வெள்ளி வற்றிப்போன காலம் அது. கள்ளக்காசு அடித்தவரைத் திட்டக்கூட மனம் வரவில்லை.

இங்கேதான் கைசரவுக்ஸ்ட்டின் கதை தொடங்குகிறது. ஏறத்தாழ கி.பி. 300இல், சிதைந்த மேட்டுநகரை விட்டுவிட்டு, ஆற்றங்கரையில் ஒரு கோட்டையைக் கட்டினார்கள். இவ்வட்டாரத்துப் பழங்குடியினரான ராவ்ராக்கரின் கோட்டை என்ற பொருளில் அதற்கு காஸ்ட்ரம் ராவ்ரசென்சே என்று பெயர். நூறு ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்த நகரம் மூன்றரை ஹெக்டேர் கோட்டைக்குள் சுருங்கிவிட்டது. ஆனால் மதில் மூன்று மீட்டருக்கும் கூடுதலான தடிமன் கொண்டது; இடையிடையே கோபுரங்கள். இதற்குக் கல் எங்கிருந்து வந்தது? மேட்டுநகரிலிருந்து. கோயில் தூண்களின் துண்டுகள், கல்லறைக் கற்கள், வாசல் நிலைகள் என்று கையில் அகப்பட்டதையெல்லாம் கொண்டுவந்து அடித்தளத்தில் போட்டார்கள். மேலே செத்துக்கொண்டிருந்த நகரத்தைப் பிரித்தெடுத்துக் கீழே மதிலாக அடுக்கினார்கள் என்று சொன்னால் மிகையில்லை. அதனால்தான் அரங்கையும் கோட்டையையும் தனித்தனிச் சுற்றுலா இடங்களாகப் பார்ப்பது எனக்கு ஒப்புவதில்லை. ஒன்றில் காணாமற்போன கல் மற்றொன்றில் இருக்கிறது.

கைசரவுக்ஸ்ட்டின் பழைய ஊர் முழுவதும் அந்தக் கோட்டைக்குள்ளேயே அமைந்திருக்கிறது. தென்பக்க மதில் வீடுகளின் பின்புறத்தில், காய்கறித் தோட்டங்களையும் விறகுக் குவியல்களையும் ஒட்டி நிற்கிறது. முகப்பாக வைத்திருந்த செதுக்கிய கற்களைப் பின்வந்தவர்கள் பெயர்த்து எடுத்துக்கொண்டதால், சுண்ணாம்புக் காரையில் பதிந்த உட்பகுதிதான் இன்று நமக்குத் தெரியும் பாகம். கையால் தடவிப் பார்த்தால் செங்கல் சில்லும் ஆற்றுக் கூழாங்கல்லும் தட்டுப்படும். இதன் பக்கத்தில் போகும் சந்தின் பெயர் ஹைடன்முர்வேக். 'புறச்சமயத்தார் மதில் தெரு' என்று தமிழில் சொல்லலாம். ரோமானியர் யாரென்று மறந்துபோன இடைக்கால மக்கள், தங்களுக்கு முன்பு யாரோ கிறிஸ்தவர் அல்லாதவர் கட்டியது என்று மட்டும் நினைவில் வைத்திருந்தார்கள். பெயரில் இருக்கும் அந்த நினைவும் முழுக்கச் சரியில்லை. கோட்டைக்குள் வாழ்ந்தவர்களில் பலர் கிறிஸ்தவர்கள், அதைக் கீழே சொல்கிறேன்.

கோட்டையில் நிறுத்தப்பட்டிருந்த படை முதலாம் மார்சியா படையணி. அவர்கள் சுட்ட ஓடுகளில் அந்தப் பெயரின் சுருக்கம் முத்திரையாகக் குத்தப்பட்டிருக்கும். ரைன் ஓரத்தின் பிற காவலிடங்களிலும் அவை கிடைத்திருக்கின்றன. கோட்டைக்கு நேரே ஆற்றின் குறுக்கே பாலம் இருந்தது. மறுகரையில், இன்றைய ஜெர்மனியின் வீலன் ஊர்ப் பக்கம், பாலத்தின் தலைமாட்டைக் காத்த வட்டக் கோபுரங்களின் எச்சங்கள் உள்ளன. 4ஆம் நூற்றாண்டில் பேரரசர்களே வந்துபோன இடம் இது. அம்மியானஸ் மார்செல்லினஸ் என்ற வரலாற்றாசிரியர், 354இல் இரண்டாம் கான்ஸ்டான்சியஸ் அலமானியர் மேல் படையெடுத்து ராவ்ரகும், அதாவது இந்த ஊர், அருகே ரைன் கரைக்கு வந்ததையும், 361இல் ஜூலியன் இங்கிருந்து கிழக்கு நோக்கிப் புறப்பட்டதையும் குறித்திருக்கிறார். பாசல் என்ற பெயர் முதன்முதலாக எழுத்தில் வருவதும் இவருடைய நூலில்தான், 374ஆம் ஆண்டு நிகழ்ச்சியில். அதாவது இன்று பெருநகரமாக இருக்கும் பாசல் அன்றைக்கு இந்தக் கோட்டைக்குப் பக்கத்து ஊர்.

அந்த 4ஆம் நூற்றாண்டின் மிகப் பெரிய எச்சம் வெள்ளிப் புதையல். 1961 டிசம்பரில், மதிலின் உட்பக்கத்தை ஒட்டிய நிலத்தில் மண்வாரி இயந்திரம் வேலை செய்துகொண்டிருந்தது. அது பெயர்த்துப் போட்ட மண்ணோடு கறுத்துப்போன உலோகத் தட்டுகளும் வெளியே வந்தன, யாரும் கவனிக்கவில்லை. பிறகு வாரக்கணக்கில் அவை சேற்றிலும் பனியிலும் கிடந்தன; அவ்வழியே போனவர்கள் சிலர் பழைய தகரம் என்று நினைத்து எடுத்துப் பார்த்தார்கள், சிலர் வீட்டுக்கும் கொண்டுபோனார்கள். 1962 பிப்ரவரி வாக்கில்தான் இது என்ன என்பது தெரிந்து, அகழாய்வாளர்கள் வந்து மிச்சத்தைத் திரட்டினார்கள். மொத்தம் ஏறத்தாழ 58 கிலோ வெள்ளி: தட்டுகள், கிண்ணங்கள், கரண்டிகள், ஒரு விளக்குத்தண்டு, நூற்றைம்பதுக்கு மேற்பட்ட காசுகளும் பதக்கங்களும், மூன்று வெள்ளிக் கட்டிகள். அப்போதே யாரோ எடுத்துவைத்துக்கொண்ட 18 பொருள்கள் 1995இல்தான் வெளிவந்தன. முப்பத்துமூன்று ஆண்டுகள் அவற்றை வீட்டில் வைத்திருந்தவர்கள் என்ன நினைத்துக்கொண்டு வைத்திருந்தார்களோ!

கட்டிகளில் மக்னென்சியஸின் முத்திரை இருக்கிறது. 350இல் பேரரசர் கான்ஸ்டான்ஸைக் கவிழ்த்துவிட்டுத் தன்னைப் பேரரசன் என்று அறிவித்துக்கொண்ட படைத்தலைவன் அவன். 351இல் இரண்டாம் கான்ஸ்டான்சியஸிடம் மூர்சாவில் தோற்று, 353இல் தற்கொலை செய்துகொண்டான். காசுகளில் எதுவும் 350க்குப் பிந்தியதில்லை. எனவே 351, 352 வாக்கில், யார் பக்கம் நிற்பது என்று தெரியாத குழப்பத்திலும் அலமானியர் அச்சத்திலும், உயர்ந்த பதவியில் இருந்த ஒருவர் மதிலோரம் பெட்டியில் வைத்துப் புதைத்திருக்கிறார் என்பது ஆய்வாளர் கருத்து. திரும்ப வந்து எடுக்க அவருக்கு வாய்க்கவில்லை.

புதையலில் ஒரே ஒரு பொருளைத்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் அக்கிலிஸ் தட்டைப் பாருங்கள். எண்கோண வடிவம், அரை மீட்டரை விடச் சற்றுக் கூடிய அகலம், எடை நாலரைக் கிலோவுக்கு மேல். விளிம்பைச் சுற்றி, கிரேக்கத் தொன்மக்கதை வீரன் அக்கிலிஸின் பிறப்பு முதல் இளமை வரையிலான காட்சிகள் புடைப்பாகச் செதுக்கப்பட்டுள்ளன. நடுவில் இருப்பது ஸ்கைரோஸ் தீவு. மகன் போருக்குப் போனால் இறப்பான் என்று அஞ்சிய தாய், அவனுக்குப் பெண் வேடமிட்டு அத்தீவு அரசனின் மகள்களோடு ஒளித்துவைக்கிறாள். தேடிவந்த ஒடிசியஸ் சூழ்ச்சியாகப் போர்க்கொம்பை ஊதச் செய்ய, அக்கிலிஸ் வேடத்தை மறந்து ஆயுதத்தைப் பற்றிவிடுகிறான். பெண்ணுடை நழுவ, கையில் ஈட்டியும் கேடயமுமாக நிற்கும் அந்தக் கணத்தைத்தான் கொல்லன் பிடித்திருக்கிறான். தட்டில் அவன் பெயரும் உண்டு: தெசலோனிகாவைச் சேர்ந்த பவுசிலிப்பஸ். கிரேக்கக் கடற்கரையில் செய்த தட்டு ரைன் கரைக் கோட்டையில் முடிந்திருக்கிறது. இப்போது புதையல் இருப்பது அவுக்ஸ்ட் அருங்காட்சியகத்தில். உரிமை ஆர்காவ் மாநிலத்துடையது, கட்டடம் பாசல்-லாண்ட் மாநிலத்துடையது. இரு பக்கமும் ஒத்துழைக்க 1975இலேயே ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டதால் சிக்கலில்லாமல் நடக்கிறது.

கோட்டையின் வடபுறம், ஆற்றுச் சரிவுக்கு மேலே, புனித கால்லுஸ் ஆலயம் நிற்கிறது. அதன் கீழே 4ஆம் நூற்றாண்டுக் கிறிஸ்தவ ஆலயத்தின் அரைவட்டச் சுவரும், ஞானஸ்நானத்துக்குப் பயன்பட்டது என்று அகழ்ந்தவர்கள் கருதிய ஒரு சிறு நீர்த்தொட்டி அறையும் கண்டுபிடிக்கப்பட்டன. அதே நூற்றாண்டில் ராவ்ராக்கருக்கு ஜஸ்டினியானஸ் என்ற ஆயர் இருந்தார். பிற்பாடு ஆயர் பீடம் பாசலுக்கு மாறியது, ஊரின் முதன்மையும் அதோடு போயிற்று. ஆனால் மக்கள் போகவில்லை. 401 வாக்கில் ரோமானியப் படை ரைன் எல்லையை விட்டு விலகிய பின்பும் கோட்டைக்குள் வாழ்க்கை தொடர்ந்ததை அருகிலுள்ள இடுகாடு காட்டுகிறது; 7ஆம் நூற்றாண்டுக் கல்லறைக் கற்களில் பவுடோவால்டுஸ், ராடோவாரா என்ற ஜெர்மானியப் பெயர்கள் லத்தீன் எழுத்தில் வெட்டப்பட்டிருக்கின்றன. ரோமானியர் போய் ஜெர்மானியர் வந்தனர் என்று பாடநூலில் ஒரே வரியில் முடிவது இங்கே இருநூறு ஆண்டு நீண்டு, ஒரே இடுகாட்டில் கலந்து கிடக்கிறது. இன்று இந்த ஆலயம் போப்பின் 1870ஆம் ஆண்டு தீர்மானங்களை ஏற்க மறுத்துப் பிரிந்த பழைய கத்தோலிக்கச் சபையினருடையது; ஃப்ரிக்டால் வட்டாரத்தில் அச்சபை வலுவாக வேரூன்றியது.

ஆய்வு வரலாற்றையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அரங்கின் இடிபாட்டை ஊரார் 'ஒன்பது கோபுரங்கள்' என்று அழைத்துவந்தார்கள். 1582 முதல் பாசல் வணிகர் ஆண்ட்ரியாஸ் ரிஃப் அங்கே தோண்டினார். அவரைத் தொடர்ந்து வந்த சட்ட அறிஞர் பசிலியஸ் அமர்பாக் சுவர்களை அளந்து வரைந்து, இது கோட்டையோ மாளிகையோ அன்று, நாடக அரங்கு என்று கண்டறிந்தார். புதையலைத் தேடாமல் கட்டடத்தைப் புரிந்துகொள்ளவேண்டும் என்பதற்காகத் தோண்டியது ஆல்ப்ஸுக்கு வடக்கே அதுவே முதல் முறை என்பார்கள்.

தோண்டுவது இன்னும் நிற்கவில்லை. கைசரவுக்ஸ்ட்டில் நிலவறை தோண்டுவதற்கு முன் மாநிலத் தொல்லியல் துறையினர் வந்து பார்ப்பது வழக்கம். 2021இல் ஆற்றங்கரையில் படகோட்டும் சங்கம் ஒன்று படகுக் கொட்டகை கட்டப்போன இடத்தில், ரோமானியர் கல் வெட்டியெடுத்துக் கைவிட்ட குழிக்குள் நீள்வட்டச் சுவர் ஒன்று வெளிப்பட்டது. ஏறத்தாழ 50 மீட்டர் நீளமும் 40 மீட்டர் அகலமும் கொண்ட போர்க்களரி அது; வாயில்களும், பார்வையாளர் அமர்ந்த மரப்படிகளைத் தாங்கிய கம்பங்களின் தடமும் இருந்தன. அடித்தளத்தில் கிடைத்த காசு 337க்கும் 341க்கும் இடையில் அடிக்கப்பட்டது. மேட்டுநகரின் களரிகள் பாழாகிப்போன பின்பும், கோட்டைக்குள் சுருங்கிய மக்கள் வேடிக்கை பார்க்கப் புதிதாக ஒன்று கட்டிக்கொண்டார்கள் என்பது எனக்குப் பெரிய வியப்பு. ரோமானிய உலகில் கட்டப்பட்ட கடைசிக் களரிகளில் இதுவும் ஒன்றாக இருக்கக்கூடும். கட்டுமானத்தைச் சற்று மாற்றி, இடிபாட்டை மண்ணுக்கடியிலேயே காப்பாற்றி விட்டார்கள்.

ஒரு செய்தி கூடுதலாக. சுவிட்சர்லாந்துக்காரர் ஒருவரிடம் கைசரவுக்ஸ்ட் என்று சொன்னால், வயதானவராக இருந்தால், ரோமானியரை அல்ல, அணுமின் நிலையத்தைத்தான் நினைப்பார். இங்கே அமையவிருந்த நிலையத்தின் கட்டுமானத் தளத்தை 1975 ஏப்ரல் 1 முதல் பதினோரு வாரம் மக்கள் ஆக்கிரமித்திருந்தார்கள். 1988இல் திட்டமே கைவிடப்பட்டது, நிறுவனத்துக்கு அரசு 350 மில்லியன் பிராங்க் இழப்பீடு கொடுத்தது.

எப்படிப் பார்ப்பது என்றால், காலை அவுக்ஸ்ட்டில் தொடங்குங்கள்: அரங்கு, எதிரே ஷோன்பியூல் கோயில் மேடு, மன்றம், நடந்துபோகக்கூடிய சாக்கடைச் சுரங்கம், பின்பு அருங்காட்சியகம். ரெனே கிளாவெல் என்ற வேதியியலாளர் 1955இல் கொடையளித்த ரோமானிய வீட்டின் மாதிரி அங்கேதான் இருக்கிறது. பிற்பகலில் இறங்கி நடந்து கைசரவுக்ஸ்ட்டுக்கு வாருங்கள், பத்துப் பதினைந்து நிமிடம்தான். மதிலோரம் ஒரு சுற்று, குளிப்பகத்தின் இடிபாடுகள், ஆலயத்தின் கீழறை. ஆகஸ்டின் கடைசி வாக்கில் வந்தால் அவுக்ஸ்ட்டில் ரோமானியத் திருவிழா நடக்கும், கூட்டம் அதிகம். அமைதியாகப் பார்க்க மற்ற மாதங்களே மேல். கோடையில் திரும்பும்போது ரயிலை விட்டுவிட்டு, மடைகளின் வழியே இறங்கிப் பாசலுக்குப் போகும் படகைப் பிடியுங்கள். ஆற்றின் நடுவிலிருந்து கரையைப் பார்க்கும்போதுதான், ஆலயக் கோபுரம் நிற்கும் அந்த மேட்டைக் கோட்டைக்கு ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பது தெளிவாகத் தெரியும்.